கதை எடுக்கிறவர்

அன்று காலை கடையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான். அப்பச் சட்டிக்கு முன்னால்.

என் மகள் பூமணி. திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

கிண்ணியாவில் இருந்து விறகு கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் காக்கா. வாங்கில் உட்கார்ந்து, தேநீரோடு.

துறைமுகத்துக் கங்காணி. மற்ற நாட்களில் உள்ளே வந்து சத்தமாக உட்காருகிறவர். அன்று வாசலிலேயே நின்றார்.

பொலிஸ் சார்ஜன் ஒருவர். தமிழர்.

கடற்படை உடுப்பில் வெள்ளைக்காரத் துரை ஒருவர். தமிழ் தெரியாதவர்.

பிறகு அவர்.

அவருடைய பெயரை நான் சொல்லவில்லை. சொன்ன பெயர் சொந்தப் பெயர்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பெரியவர்கள் படம் கீறுறவர் என்றார்கள். பிள்ளைகள் நண்டு மாமா என்றார்கள். கங்காணி மட்டும் ஆக்காட்டி என்றார். ஆளைக் கண்டால் கத்திக் காட்டிக் கொடுக்கிற அந்தக் குருவியின் பெயர்.

என் கடை ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, உள்துறைமுகத்துக்குப் போகும் பாதையில் இருந்தது. கிடுகுக் கொட்டில். முன்பக்கத்தை அடைக்க, கழற்றி மாட்டுகிற ஐந்து பலகை. அப்பம், சம்பல், தேநீர். கப்பலில் சாமான் இறக்குகிற கூலி ஆட்கள்தான் சாப்பிட வருவார்கள். என் மனுசன் சண்டை தொடங்கிய வருடம் கப்பல் வேலைக்குப் போனவர். பிறகு ஒரு காகிதமும் வரவில்லை. எனக்கும் பிள்ளைக்கும் அந்தக் கடைதான் சோறு. நிலம் துறைமுகத்துக்குச் சொந்தம். சந்தேகமான ஆட்களை அண்டவிட்டால் கடையைப் பிரித்துப் போடுவோம், ஆளையும் கொண்டுபோவோம் என்று துறைமுகத்தார் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆகையால் அவர் மேல் நான் எப்போதும் ஒரு கண் வைத்திருந்தேன்.

சிங்கப்பூர் விழுந்த கையோடு வந்தவர். ஒரு தகரப் பெட்டி, ஒரு கட்டுத் தூரிகை, ஒரு நீலச் சட்டை. காக்காவின் விறகுக் கொட்டிலில் படுக்கை. சாப்பாடு என்னிடம். நாற்பது வயது இருக்கும். மெலிந்த ஆள். சாப்பிடும்போது இலையைப் பார்க்கமாட்டார், எதிரில் இருக்கிறவரின் முகத்தைப் பார்ப்பார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாளே கேட்டேன்.

"அண்ணை எங்கயிருந்து?"

"மலாயாவில இருந்தனான்."

"அங்க என்ன வேலை?"

"போட்டோக் கடையில. ஆக்களுக்குப் பின்னால தொங்கவிடுற திரை கீறினனான். மலை, குளம், மாளிகை."

"ஆர்ர கடை?"

"சப்பான்காரன்ர."

அந்த மாதத்தில் அந்தச் சொல்லை ஒருவரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். வேறு யாராவது என்றால் சீனனின் கடை என்று சொல்லியிருப்பார்கள். அவர் மாற்றிச் சொல்லுவாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் சம்பல் வையுங்கோ தங்கச்சி," என்றார்.

மறைக்க ஒன்றும் இல்லாதவன் அப்படிச் சொல்லுவான். மறைக்கப் பெரிதாக ஏதாவது வைத்திருக்கிறவனும் அப்படிச் சொல்லக்கூடும். இரண்டில் எது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் ஒரு குணம். உள்ளதுக்குக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். கடைக்கு ஒரு பலகை எழுதித் தரச் சொன்னேன். சைவச் சாப்பாட்டுக் கடை என்று எழுதினால் நாலு பேர் கூட வருவார்கள் என்பது என் எண்ணம்.

"சம்பலுக்குள்ள மாசிக் கருவாடு போடுறியள் எல்லோ," என்றார்.

"கொஞ்சந்தானே."

"கொஞ்சம் போட்டாலும் மாசி மாசிதான். சைவம் எண்டு எழுத ஏலாது."

"அப்ப என்னெண்டு எழுதுவியள்?"

"அப்பக் கடை."

அப்படியே எழுதினார். எழுத்து வடிவாகத்தான் இருந்தது. எனக்கு இரண்டு நாள் கோபம்.

கங்காணிக்கு நடந்தது அதைவிட மோசம். தன் முகத்தைக் கீறித் தரச் சொல்லி வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீசையை முறுக்கிக்கொண்டார். படம் முடிந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஓட்டை. உச்சியில் வழுக்கை.

"உது ஆர்?" என்றார் கங்காணி.

"நீங்கள்."

"பல்லைக் கட்டிக் கீறியிருக்கலாமே, மனிசா."

"பல்லை நீங்கள் கட்டிக்கொண்டு வாங்கோ. நான் கீறுறன்."

காக்கா சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கால் வந்தது. "கங்காணியார், அல்லா தராத பல்ல இந்த மனிசன் எப்பிடித் தருவாரு?" என்றார். கூலி ஆட்களும் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை. கடதாசியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் ஆக்காட்டி என்ற பெயர் வந்தது.

பின்னேரங்களில் விறகுக் கொட்டிலுக்குப் பக்கத்து மணலில் பிள்ளைகள் கூடுவார்கள். ஒரு கம்பால் மணலில் கீறுவார். ஒரு நண்டின் கதை. அந்த நண்டும் படம் கீறுகிற நண்டு. கடற்கரையில் கண்டதை எல்லாம் மணலில் கீறும். அலை வந்து அழிக்கும். நண்டு கோபிக்காது. அலை போன பிறகு திரும்பவும் வந்து கீறும். ஒரு நாள் அறுக்குளா மீன் வந்து, என்னைத் திமிங்கிலம் அளவுக்குக் கீறு, உனக்கு இரை தருகிறேன் என்கிறது. நீ எவ்வளவோ அவ்வளவுதான் எனக்குக் கீற வரும் என்கிறது நண்டு. இரை வாங்கவில்லை. பசியோடு வளைக்குள் போய்ப் படுக்கிறது. இன்னொரு நாள் சின்ன இறால் ஒன்று வந்து, என்னை ஒருவரும் கீறுவதில்லை என்று அழுகிறது. அதற்கு ஒரு முழுப் பொழுது எடுத்து, மீசையை ஒவ்வொன்றாகக் கீறிக் கொடுக்கிறது.

பூமணி வந்து எனக்கு இதைச் சொல்லுவாள். நல்ல நண்டுதான். நான் நண்டைச் சந்தேகப்படவில்லை.

சந்தேகம் வேறு இடத்தில். கதையை அவர் தானாகச் சொல்லுவதில்லை. பாதியில் கம்பை நிறுத்திவிட்டு, "இனி நண்டு என்ன செய்யும்?" என்று பிள்ளைகளைக் கேட்பார். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொன்று சொல்லும். ஒருவன் தன் அப்பா எண்ணெய்த் தாங்கிப் பக்கம் வேலை செய்வதைச் சொல்லி, நண்டு அங்கே போகட்டும் என்பான். இன்னொருத்தி தன் மாமன் ஓட்டுகிற படகைச் சொல்லுவாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார். எங்கள் பக்கத்தில் ஒருவரின் வாயைக் கிளறி உள்ளதை வெளியே வாங்குவதற்குக் கதை எடுக்கிறது என்று சொல்லுவோம். அவர் பிள்ளைகளிடம் கதை எடுக்கிறார் என்று முதலில் சொன்னவர் கங்காணி. அதைச் சொன்ன இடம் என் கடை.

ஒரு நாள் பிள்ளைகளுக்குச் சொன்னாராம், சப்பான்காரன் நண்டைக் கனி என்றுதான் சொல்லுவான் என்று. பிள்ளைகள் கூத்தாடிக்கொண்டு ஓடி வந்தார்கள். "கனி கடிக்குது, கனி கடிக்குது" என்று பாதை நீளத்துக்குச் சத்தம். பாதையில் சிப்பாய்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் பூமணியின் வாயில் ஒன்று போட்டேன்.

இனி என் பக்கத்துக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

அப்பத்துக்கு அரிசி முதல் நாளே ஊறப்போட வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்று எப்படித் தெரியும்? கப்பல் கூடினால் கூலி ஆட்கள் கூடுவார்கள். அதனால் விடியவே பின்னால் உள்ள மேட்டில் ஏறி, துறைமுகத்தில் நிற்கிற கப்பலைப் பார்ப்பேன். ஒரு கப்பலுக்கு ஒரு சுண்டு அளவு அரிசி. பத்துக்கு மேல் எனக்கு எண் ஓடாது. பத்தும் ஒன்று, பத்தும் இரண்டு என்றுதான் வரும். இறங்கி வருவதற்குள் மறந்துபோகும் என்று, வெற்றிலைக்கு வைத்திருக்கிற சுண்ணாம்பைத் தொட்டு, பார்க்கப் பார்க்க முன்கையில் பொட்டு வைத்துக்கொண்டு வந்து, கடையின் கடைசிப் பலகையின் உட்பக்கத்தில் அப்படியே வைப்பேன். அந்தப் பலகை பகல் முழுக்க, பொட்டு கடையைப் பார்த்திருக்க, சுவரோடு சாத்தி நிற்கும். மத்தியானம் பொட்டைப் பார்த்துக் கட்டைபறிச்சான் ஊர் அரிசியை அளந்து போட்டுவிட்டு, ஈரத் துணியால் துடைத்துவிடுவேன். கடை தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். அது அரிசிக் கணக்கு. வேறு எதுவும் என்று நான் நினைத்ததில்லை.

ஒரு காலை கங்காணி அப்பத்தைப் பிய்த்துக்கொண்டு சொன்னார்.

"கப்பல் எண்ணுறவனைக் கண்டால் பிடிக்கச் சொல்லி உத்தரவாம். துறைமுகத்தில எத்தினை நிக்குது எண்ட கணக்கு வெளிய போகுதாம்."

"எண்ணி என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"சப்பானுக்குச் சொல்லுறது. மறுகா அவன் வந்து மேலயிருந்து போடுறது."

என் கையில் அகப்பை இருந்தது. எனக்குப் பின்னால் பலகை இருந்தது. பலகையில் பொட்டு இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரில் படம் கீறுறவர் உட்கார்ந்திருந்தார். அவர் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பிறகு பொட்டு வைக்காமல் இருந்து பார்த்தேன். ஒரு நாள் அரிசி மிஞ்சிப் புளித்தது. மறுநாள் போதாமல் போய், ஆட்கள் ஏசிவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். திரும்பவும் வைத்தேன். சின்னதாக வைத்தேன்.

பிறகு ஒரு நாள். கடை திறக்கும் நேரம். அவர் பலகைகளைக் கழற்றித் தந்துகொண்டிருந்தார். கடைசிப் பலகையைச் சுவரில் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றார்.

"தங்கச்சி, இண்டைக்கு ஒரு பொட்டுக் குறையுது."

நான் திரும்பாமல் சட்டியைத் துடைத்தேன்.

"என்ன பொட்டு?"

"தீவுக்கு அங்கால ஒண்டு நிக்குது. சாம்பல் நிறம். மரத்துக்குள்ள மறைஞ்சு நிக்குது. நீங்கள் அதை விட்டிட்டியள்."

மேட்டுக்கு ஓடினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். தீவின் மரங்களுக்குப் பின்னால் புகைபோக்கி ஒன்று தெரிந்தது. அவர் சொன்னது சரி.

இறங்கி வந்து நேராகவே கேட்டேன். "நீங்கள் ஏன் அண்ணை கப்பல் எண்ணுறியள்?"

"நான் எல்லாத்தையும் எண்ணுறனான். பனையை எண்ணுவன். உங்கட சட்டியில அப்பத்தின்ர கண்ணை எண்ணுவன். கண் அப்பிடிப் பழகிப்போச்சு."

"இது பொல்லாத கணக்கு எண்டு தெரியாதோ?"

"தெரியும். உங்களுக்குத் தெரியுமோ எண்டுதான் எனக்குச் சந்தேகம்."

அதை அவர் எந்த எண்ணத்தில் சொன்னார்? எச்சரிக்கையா, மிரட்டலா? முகத்தைப் பார்த்தேன். படத்துக்கு உட்காருகிறவரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஒன்றும் அதில் இல்லை. விடுபட்ட பொட்டை வைத்தேன். அவசரத்தில் அது பெரிதாகப் போயிற்று.

காக்காவிடம் சொன்னேன், இந்த ஆளைக் கொட்டிலிலிருந்து எழுப்பிவிடுங்கள் என்று.

"ஏன் புள்ள? நல்ல மனிசன். என்ர வண்டில்ல பேர் எழுதித் தந்தாரு. காசு குடுத்தன், கூடிப்போச்சு எண்டு பாதியத் திருப்பித் தாறாரு. இப்பிடி ஒரு ஆளு இரிக்கிதா?"

"அதுதான் காக்கா. இப்பிடி ஒரு ஆள் இருக்குமோ?"

காக்கா விறகை இறக்கப் போனார்.

பிடிக்க வந்த நாளுக்கு முதல் நாள் பின்னேரம், கதை இப்படி நின்றது. கொக்கு ஒன்று நண்டிடம் வருகிறது. இறால் குஞ்சுகள் எந்த வளைக்குள் இருக்கின்றன, உனக்குத் தெரியும், ஒரு படம் கீறிக் காட்டு போதும் என்கிறது. அவர் கம்பை நிறுத்தினார். நான் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். நின்றேன்.

"இனி நண்டு என்ன செய்யும்?"

ஒரு பொடியன் சொன்னான், "பிழையான இடத்தைக் கீறிக் காட்டும்."

"இந்த நண்டுக்குப் பொய் கீற வராதே."

"அப்ப ஓடிப்போகும்."

"ஓடினால் கொக்கு தானாய்த் தேடும். வளை பக்கத்திலதான் இருக்கு."

பூமணி கையை உயர்த்தினாள். "வளை வாசலில முதுகைக் குடுத்துக்கொண்டு நிக்கும். ஒண்டும் சொல்லாது. கீறாது. சும்மா நிக்கும்."

"கொக்கு கொத்துமே?"

"கொத்தட்டும். நண்டின்ர முதுகு ஓடுதானே."

அவர் கம்பைத் திரும்ப எடுத்தார். பிறகு மணலில் கீறினார். நண்டின் முதுகை மட்டும் கீறினார். "இது எனக்குத் தோன்றேல்ல பிள்ளை," என்றார்.

மறுநாள் காலைக்கு வருகிறேன். நான் மேட்டுக்குப் போய் வந்திருந்தேன். பலகையில் பத்தும் நாலும் இருந்தது. காக்கா தேநீர் கேட்டார். அவர் வாங்கில் இருந்து அப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறியிருந்தது. அவருடைய நீலச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

முதலில் கங்காணி வாசலில் தெரிந்தார். அவருக்குப் பின்னால் சப்பாத்துச் சத்தம்.

சார்ஜன் உள்ளே காலை வைத்ததும் அவர் அப்பத்தைப் பாதியில் விட்டு எழும்பினார். ஓடவில்லை. மூன்று எட்டு நடந்துபோய், கடைசிப் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"படம் கீறுறவர் நீரோ?"

"ஓம்."

"மலாயாவில சப்பான்காரனோட இருந்தனீரோ?"

"அவன்ர கடையில வேலை செய்தனான்."

சார்ஜன் துரைக்கு இங்கிலீசில் சொன்னார்.

"பின்னேரத்தில பிள்ளையளைச் சேத்து வைச்சு என்ன செய்யிறனீர்?"

"கதை எடுக்கிறனான்."

காக்கா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டார். "அட மனிசா, கதை சொல்றன் எண்டு சொல்லுங்க."

"நான் சொல்றேல்ல காக்கா. பிள்ளையள்தான் சொல்லுதுகள். நான் எடுக்கிறனான்."

சார்ஜன் அதையும் இங்கிலீசில் சொன்னார். என்ன சொல்லிச் சொன்னாரோ தெரியாது. துரையின் முகம் மாறியது. வாசலில் கங்காணி, "நான் சொன்னனான் எல்லோ," என்றார்.

"மலைப் பக்கம் ஏறினதுண்டோ?"

"ஓம்."

"கப்பலைப் பாத்தனீரோ?"

"ஓம்."

"எண்ணினனீரோ?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் இல்லை. அவர் எண்ணினதை யாரும் கண்டதில்லை.

"ஓம்," என்றார்.

"யா அல்லா," என்றார் காக்கா.

"எத்தினை?"

"அதைச் சொல்ல ஏலாது. துரைக்கு அது தெரியும். இங்க நிக்கிற மற்றவைக்குத் தெரியத் தேவையில்லை."

சார்ஜன் கிட்டப் போனார். "எண்ணி எங்க எழுதினனீர்?"

"நான் எழுதேல்ல."

நான் எழுதவில்லை. அந்த 'நான்' எனக்கு நெஞ்சில் இடித்தது. அடுத்த கேள்வி, அப்படியானால் வேறு யார் எழுதினது என்பதுதான். அதைக் கேட்டால் இந்த மனிசனுக்குப் பொய் வராது. மாசியை மாசி என்று சொன்ன வாய். கங்காணியின் பல்லுக்கு ஓட்டை வைத்த கை. சட்டியில் அப்பம் கருகியது. எடுக்கக் கை வரவில்லை. பூமணி திருவுவதை நிறுத்திவிட்டாள். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார்ஜன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவருக்கு வேறொன்று கண்ணில் பட்டுவிட்டது.

"ஏன் காணும் பலகையோட ஒட்டிக்கொண்டு நிக்கிறீர்? பலகைக்குப் பின்னால என்ன?"

"பலகைக்குப் பின்னால ஒண்டுமில்லை."

சார்ஜன் அவரை விலக்கவில்லை. பலகையின் ஓரத்தைப் பிடித்து ஒரு சாண் முன்னுக்கு இழுத்தார். அவரும் பலகையோடு சேர்ந்து முன்னுக்கு வந்தார். சார்ஜன் பின்னால் எட்டிப் பார்த்தார். சுவர். ஒரு பல்லி. வேறொன்றும் இல்லை. பலகையை விட்டார்.

அவர் சொன்னது உண்மை. பலகைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பலகைக்கும் அவருக்கும் நடுவில்தான் இருந்தது.

விறகுக் கொட்டிலையும் கிளறினார்கள். தகரப் பெட்டியில் தூரிகையும் நண்டுப் படங்களும். துரை ஒரு நண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையைக் காட்டினார். நட என்று அர்த்தம்.

அவர் பலகையை விட்டு வந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. பூமணிக்கு மட்டும் தலையை ஒருக்கால் அசைத்தார். நான் பலகையைப் பார்த்தேன். பொட்டு இருந்த இடத்தில் மங்கலாக வெள்ளைச் சுவடு. துடைத்த பலகை மாதிரி.

அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. கொழும்புக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். விட்டுவிட்டதாகவும் சொன்னார்கள். சில கிழமை கழித்து ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்தது. எண்ணெய்த் தாங்கி எரிந்தது. ஊர் வெறிச்சோடியது. நானும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இலங்கைத்துறையில் என் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனேன். அங்கேயும் கதை வந்து சேர்ந்தது, அந்தப் படம் கீறுறவன்தான் கணக்குச் சொன்னவன் என்று. பிறகொரு நாள் வழியில் கண்ட காக்கா, அவர் உன் கடையைக் காப்பாற்றிய மனிசன் என்றார். என்னைக் கேட்டவர்களிடம் எனக்குத் தெரியாது என்றேன். தெரியாதுதான். என் கணக்கை மறைத்தாரா, எடுத்துக்கொண்டு போனாரா?

கண்டதை மட்டும் சொல்லுகிறேன். பாதையில் சார்ஜன் முன்னால், துரை ஒரு பக்கம், நடுவில் அவர். வியர்வையில் நனைந்த நீலச் சட்டை. அதன் முதுகில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொட்டு. படம் கீறுகிறவன் சட்டையில் நிறம் இருப்பது புதினம் இல்லை. ஒருவரும் கவனிக்கவில்லை. வளைவில் மறைவதற்குள் நான் எண்ணினேன்.

பத்தும் நாலும்.